இலங்கையைத் தூக்கி வேறொரு நாட்டின் மேல் வைத்தால்? ஒப்பீட்டுத் தேசப்படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் சனசமூக நிலையத்தில், சனிக்கிழமை பின்நேரங்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து தேசப்படம் பார்ப்பது என் வழக்கம். பாடத்திட்டம் எதுவும் கிடையாது. ஒரு நாட்டைத் தூக்கி இன்னொரு நாட்டின் மேல் வைக்கும் படங்கள் ஃபோனில் வந்தால், பிள்ளைகள் அதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அம்மாக்களும் எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒப்பீட்டுத் தேசப்படம் என்றால் என்ன?

தெரியாத ஓர் இடத்தைத் தெரிந்த ஓர் இடத்தை வைத்து அளந்து காட்டும் படம். பரப்பளவு, சனத்தொகை, உயரம், பயண நேரம், ஒரு பொருளுக்கு வழங்கும் பெயர் என்று எதை வேண்டுமானாலும் அளக்கலாம்.

அதில் அப்படி என்ன இருக்கிறது? பிள்ளைகள் ஏன் விழுந்து விழுந்து பார்க்கிறார்கள்?

இலங்கையின் பரப்பளவு 65,610 சதுர கிலோமீட்டர். சாதாரண தரப் பரீட்சைக்கு எல்லோரும் மனப்பாடம் செய்யும் எண் இது. செய்த எத்தனை பேருக்கு அது எவ்வளவு பெரிது என்று தெரியும்? எனக்குப் பல வருடங்கள் தெரியாது. தமிழ்நாட்டின் பரப்பளவு 1,30,058 சதுர கிலோமீட்டர் என்று படித்த அன்றுதான் பிடிபட்டது. இரண்டு இலங்கையைச் சேர்த்து வைத்தால் கிட்டத்தட்ட ஒரு தமிழ்நாடு. அதன் பிறகு அந்த எண் எனக்கு மறக்கவே இல்லை.

எண் தனியாக நின்றால் மனதில் ஒட்டாது. கண்ட ஒன்றோடு சேர்த்துச் சொன்னால் ஒட்டிக்கொள்ளும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. தோட்ட வீடமைப்பில் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்று பேச்சு வந்தபோது, 7 பேர்ச் என்றால் எவ்வளவு என்று ஊரே கேட்டது. ஒரு பேர்ச் ஏறத்தாழ 25.3 சதுர மீட்டர், ஆக 7 பேர்ச் 177 சதுர மீட்டர். இப்படிச் சொல்லிப் பார்த்தேன், யார் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. வொலிபோல் கோர்ட் 18 மீட்டருக்கு 9 மீட்டர், அதாவது 162 சதுர மீட்டர். "நம்ம வொலிபோல் கோர்ட்டும் சுத்திவர ஓரடி ரெண்டடியும்" என்றதும் பொடியன்கள் மைதானத்துக்கு ஓடிப்போய்க் கோட்டின் மேல் நடந்து பார்த்தார்கள். பழைய லயத்துக் காம்பரா ஒன்று, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறை, 10 அடிக்கு 12 அடி. அந்தக் கோர்ட்டுக்குள் அப்படி 10 காம்பரா அடங்கும் என்று ஒரு பிள்ளை சோக்கட்டியால் கட்டம் போட்டுக் காட்டினாள். நாட்டுக்கு நாடு வைத்துப் பார்க்கும் படமும் இதே வேலையைத்தான் செய்கிறது, கோர்ட் மட்டும்தான் பெரிது.

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய உலகப்படம் பொய்யா?

பொய் என்று சொல்ல மாட்டேன். அது வேறு வேலைக்காகக் கீறியது. தோடம்பழத்தை உரித்துத் தோலைக் கிழியாமல் மேசையில் தட்டையாக விரித்துப் பாருங்கள். முடியாது. ஒன்று கிழியும், இல்லாவிட்டால் எங்காவது இழுபடும். உருண்டையான பூமியைக் கடதாசியில் விரிக்கும்போதும் இதேதான் நடக்கிறது. எங்கே கிழிப்பது, எங்கே இழுப்பது என்று தீர்மானிக்கும் முறைக்குத்தான் புவியியல் பாடத்தில் எறியம் என்று பெயர்.

1569இல் ஜெரார்டஸ் மேர்கேட்டர் வரைந்த படம் மாலுமிகளுக்கானது. திசைகாட்டியில் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போகும் கப்பலின் பாதை அந்தப் படத்தில் நேர்கோடாக விழும். கடலோடிக்கு அதுபோல் உதவி வேறில்லை. அந்த வசதிக்காக, மத்தியகோட்டிலிருந்து வடக்கேயும் தெற்கேயும் போகப் போக நிலத்தை இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. அதனால்தான் அந்தப் படத்தில் கிறீன்லாந்தும் ஆபிரிக்காவும் ஒரே பருமனாகத் தெரிகின்றன. உண்மையில் ஆபிரிக்கா 14 கிறீன்லாந்துக்குச் சமம். இந்தியாகூடக் கிறீன்லாந்தைவிடப் பெரிது.

இலங்கை மத்தியகோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அதற்கு அந்தப் படத்தில் வீக்கம் கிடையாது. வடக்கே இருக்கும் நாடுகள் வீங்க வீங்க, நாம் சிறுத்துப் போனது போலத் தெரிகிறது. மாலுமியின் படத்தை வகுப்பறையில் மாட்டிப் பிள்ளைகளின் மனதில் நாடுகளின் பருமனைப் பதிய வைத்தது சரியில்லை என்பது என் முடிவு.

இதை வீட்டிலேயே செய்து பார்க்க முடியுமா?

முடியும். செலவு ஒரு பிடி மைசூர் பருப்பு, கொஞ்சம் கடுகு. நாங்கள் செய்தது ஸ்கொட்லாந்தையும் இலங்கையையும் வைத்து.

ஸ்கொட்லாந்தைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. லூல்கந்துரையில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெயிலர் ஸ்கொட்லாந்துக்காரர். அங்கிருந்து வந்த துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களைக் கொண்டுவந்து நம் மலைகளுக்கு வைத்தார்கள். டன்சினன், ஹோலிரூட், எடின்பரோ என்று தினமும் நம் வாயில் வரும் பெயர்களெல்லாம் அந்த நாட்டுப் பெயர்கள். இத்தனை மலைக்குப் பெயர் கொடுத்த நாடு எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று கேட்டேன். இலங்கையைப் போல் நான்கு மடங்கு, ஐந்து மடங்கு என்றார்கள்.

சுவரில் ஒட்டும் பெரிய மேர்கேட்டர் படம் ஒன்றைத் தரையில் விரித்தோம். ஸ்கொட்லாந்தின் எல்லையைப் பென்சிலால் கீறி, உள்ளே மைசூர் பருப்பை ஒற்றை வரிசையாக அடுக்கினார்கள். ஐம்பதுக்கு மேல் பிடித்தது. இலங்கைக்குள் பதினான்கு. பிள்ளைகள் சொன்னது சரிதான் என்பது போல இருந்தது.

அப்புறம் பூகோள உருண்டையை எடுத்து, மெல்லிய கடதாசியை அதன் மேல் வைத்து இரண்டு நாட்டையும் வரைந்தெடுத்தோம். உருண்டையில் இரண்டும் சின்னதாக இருந்ததால் பருப்புக்குப் பதில் கடுகு. இந்த முறை இரண்டுக்கும் இரண்டு மூன்று கடுகுதான் வித்தியாசம். ஸ்கொட்லாந்து சுமார் 78,000 சதுர கிலோமீட்டர், அதாவது இலங்கையைவிட ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கூட. கடைசிக் கடுகை விரல் நுனியால் தள்ளி வைத்த பொடியன், "சேர், அப்ப நாங்க சின்ன நாடு இல்லையா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகவே அந்தச் சனிக்கிழமை வகுப்பு நடந்தது என்று நினைக்கிறேன்.

கடதாசி கொஞ்சம் சுருங்கும், கடுகு எல்லாம் ஒரே பருமனில் இருக்காது. ஆனாலும் நான்கு மடங்குக்கும் ஒன்றேகால் மடங்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்க இது போதும்.

அப்படியானால் எந்தப் படம் சரியானது?

பரப்பளவுதான் கேள்வி என்றால் சம பரப்பு எறியம் ஒன்றைப் பாருங்கள். 1855இல் ஜேம்ஸ் கோல் என்ற பாதிரியார் அப்படி ஒன்றை முன்வைத்தார், அவரும் ஸ்கொட்லாந்துக்காரரே. 1973இல் ஜேர்மனியின் ஆர்னோ பீட்டர்ஸ் அதே அமைப்பைத் தன் படமாக வெளியிட்டபோது பெரிய வாக்குவாதம் எழுந்தது. அதில் பரப்பு சரி. ஆனால் மத்தியகோட்டு நாடுகள் உலர்த்திய துணி போல நீண்டு தொங்கும். 2018இல் வந்த ஈக்குவல் எர்த் என்ற எறியத்தில் பரப்பும் சரி, வடிவமும் கண்ணை உறுத்தாது. வகுப்பறைக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஃபோனில் பார்க்க வழி உண்டா?

உண்டு. தி ட்ரூ சைஸ் என்ற இணையத்தளத்தில் ஒரு நாட்டை விரலால் இழுத்து உலகின் எந்தப் பகுதியிலும் வைக்கலாம். இலங்கையை இழுத்து நோர்வேக்குக் கொண்டுபோங்கள், போகப் போக அது வீங்குவதைக் காண்பீர்கள். அத்தனை நாளும் வடக்கு நாடுகள் எப்படி வீங்கியிருந்தன என்று அப்போது விளங்கும். கூகுள் மேப்ஸும் 2018 முதல் கணினியில் நன்றாகச் சிறிதாக்கினால் உருண்டையாகவே காட்டுகிறது.

மலையகத்தை எதோடு ஒப்பிடலாம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. உயரத்திலிருந்து தொடங்குவோம். முழுப் பிரித்தானியாவிலும் உயரமான மலை பென் நெவிஸ், 1,345 மீட்டர். நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரித்தானியாவின் ஆக உயர்ந்த சிகரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் நம் ஆட்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று கச்சான் கொறிக்கிறார்கள். பட்டிப்பொல ரயில் நிலையம் அதற்கும் மேலே, 1,890 மீட்டரைத் தாண்டி.

ஆனால் உயரத்தை மட்டும் வைத்து இரண்டு இடமும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. பென் நெவிஸ் உச்சியில் வருடத்தில் பல மாதம் பனி படிந்து கிடக்கும். நுவரெலியாவில் லீக்ஸும் கரட்டும் விளைகிறது. மத்தியகோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் காரணம். ஒப்பீடு ஒரு விடையைத் தந்ததும் அடுத்த கேள்வியையும் கையோடு கொடுத்துவிடும்.

ஆற்றைப் பாருங்கள். மகாவலி 335 கிலோமீட்டர், இங்கிலாந்தின் தேம்ஸ் நதி 346. இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம்.

அடுத்தது அகலக்கோடு. ஹட்டன் வடக்கு 7 பாகைக்கு ஒரு முடி கீழே. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நேரே மேற்கே போனால், கடல் தாண்டி ஆபிரிக்காவில் எதியோப்பியாவின் தெற்கு மலைகள் வரும். கோப்பிச் செடி காட்டுச் செடியாக வளர்ந்த கஃபா பிரதேசம் அந்தப் பக்கம்தான். இன்னும் மேற்கே, அத்திலாந்திக் கடலையும் தாண்டினால் கொலம்பியாவின் கோப்பி மலைகள். நம் மலைகளிலும் முதலில் கோப்பிதான் இருந்தது. நம்முடைய முன்னோரைக் கூட்டிவந்ததே கோப்பிக்காகத்தான். 1869இல் இலைத்துரு நோய் கண்டு கோப்பி அழிந்த பிறகு தேயிலை வந்து மலையை மூடியது. இந்த வரலாற்றைப் பத்துப் பக்கம் வாசித்தபோது விளங்காததை, ஓர் அகலக்கோட்டின் மேல் விரலை ஓட்டியபோது விளங்கிக்கொண்டேன்.

தூரத்தைக் கிலோமீட்டரில்தான் ஒப்பிட வேண்டுமா?

வேண்டாம். மலைநாட்டில் தூரம் கேட்டால் யாரும் கிலோமீட்டர் சொல்வதில்லை, "ஒன்றரை மணித்தியாலம்" என்றுதான் சொல்வார்கள். 1881இல் பிரான்சிஸ் கால்ட்டன் லண்டனிலிருந்து உலகின் ஒவ்வொரு பகுதிக்கும் போய்ச்சேர எத்தனை நாளாகும் என்று நிறம் தீட்டி ஒரு படம் போட்டார். அந்த வகைப் படம் நமக்குத்தான் அதிகம் பொருந்தும். கொழும்பும் ஹட்டனும் நேர்கோட்டில் 80 கிலோமீட்டரை ஒட்டித்தான். ரயில் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி 170 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. பயண நேரத்தை வைத்து இலங்கையை வரைந்தால் மலையகம் நாட்டின் நடுவில் இருக்காது, எங்கோ ஒரு மூலைக்குப் போய்விடும். பிரசவத்துக்குத் தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போன பெண்களிடம் கேளுங்கள், அவர்கள் வரையும் படம் அதுதான்.

சொற்களை வைத்தும் தேசப்படம் போடுகிறார்களாமே?

ஆமாம், அதில் நமக்கு மிக நெருக்கமான ஒன்று இருக்கிறது. உலகம் முழுவதும் தேயிலைக்கு வழங்கும் சொற்கள் பெரும்பாலும் இரண்டு குடும்பம். சீனத்தின் பெரும்பகுதியில் "சா". தெற்கே ஃபுஜியன் கரையில் "தே". தரை வழியாகத் தேயிலை போன பாரசீகம், ருஷ்யா, துருக்கி, வட இந்தியா எல்லாம் சாய், சாயா என்று சொல்கின்றன. ஒல்லாந்தர் ஃபுஜியன் கரையிலிருந்து கப்பலில் கொண்டுபோன மேற்கு ஐரோப்பா "தே" பக்கம். போர்த்துக்கேயர் மட்டும் மக்காவு வழியாக வாங்கியதால் "சா" என்கிறார்கள்.

இப்போது நம் வாயைப் பாருங்கள். தேயிலை, தேத்தண்ணி. சிங்களத்திலும் தே. இரண்டு மொழியும் கடல் வழிச் சொல்லின் பக்கம் நிற்கின்றன. காலையில் நாம் கேட்கும் தேத்தண்ணிக்குள் ஒரு சீனத் துறைமுகத்தின் பேச்சு இருக்கிறது என்று சொன்னபோது, பிள்ளைகளைவிட வாசலில் நின்ற அம்மாக்கள்தான் அதிகம் ஆச்சரியப்பட்டார்கள்.

சில படங்களில் நாடுகள் பலூன் மாதிரி ஊதிக் கிடக்கின்றனவே?

அங்கே நிலத்தை அளக்கவில்லை, ஆட்களை அளந்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாட்டையும் அதன் சனத்தொகைக்கு ஏற்ற பருமனில் வரைவது அந்த முறை. 2006இல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேர்ல்ட்மேப்பர் திட்டம் இப்படி நூற்றுக்கணக்கான படங்களை வெளியிட்டது. அதில் கனடாவும் ருஷ்யாவும் நூல் போலாகிவிடும், இந்தியா பருத்துவிடும். அவுஸ்திரேலியாவின் நிலம் நம்மைப்போல் 100 மடங்குக்கும் மேல். ஆட்கள் என்று பார்த்தால் அங்கே சுமார் 2 கோடி 70 இலட்சம், இங்கே சுமார் 2 கோடி 17 இலட்சம். அந்தப் படத்தில் இலங்கை அவுஸ்திரேலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தம்பி மாதிரி நிற்கும்.

தேர்தல் இரவில் தொலைக்காட்சியில் மாவட்டங்களுக்கு நிறம் தீட்டும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முல்லைத்தீவு 2,600 சதுர கிலோமீட்டருக்கு மேல், 2012 கணக்கெடுப்பில் சுமார் 92,000 பேர். கொழும்பு மாவட்டம் 700 சதுர கிலோமீட்டருக்குள், அங்கே 23 இலட்சம் பேர். திரையில் எந்த நிறம் அதிகம் என்று பார்த்து வெற்றியைச் சொல்ல முடியாது.

இந்தப் படங்கள் எப்போது ஏமாற்றும்?

ஒரு நாட்டுக்கு ஒரே நிறம் பூசும்போது. 1826இல் பிரான்சில் சார்ள்ஸ் டுப்பன் எழுத்தறிவைக் காட்ட மாகாணம் மாகாணமாகக் கருமை தீட்டினார். வடக்கு ஒரு மாதிரி, தெற்கு ஒரு மாதிரி என்று அன்றே தெரிந்தது. முழுப் பிரான்சுக்கும் ஒரே நிறம் பூசியிருந்தால் அது தெரிந்திருக்காது. தெற்காசியாவில் இலங்கையின் கல்வியும் சுகாதாரமும் மேல் என்று ஒரு படம் பச்சையாகக் காட்டும். சரி, நாட்டுச் சராசரிக்கு அது உண்மை. அந்தப் பச்சைக்குள் தோட்டப்புறம் தனியாகத் தெரியாது. சராசரிக்குள் மறைந்து போன சனத்துக்கு இது சின்ன விஷயமல்ல. ஆகவே ஒரு படம் நாட்டளவில் நல்ல செய்தி சொன்னால், மாவட்ட அளவில், முடிந்தால் பிரதேச செயலகப் பிரிவு அளவில் அதே படத்தைத் தேடுங்கள்.

எந்த வருடத்துத் தரவு, மொத்தமா ஆளுக்கு இவ்வளவா, எங்கிருந்து எடுத்தது என்று படத்தின் மூலையில் எழுதியிருக்க வேண்டும். இல்லாத படத்தை நான் பிள்ளைகளுக்குக் காட்டுவதில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

உலக சனத்தொகையில் பாதி ஒரு வட்டத்துக்குள் என்பது உண்மையா?

உண்மை. 2015இல் பொருளியலாளர் டேனி குவா, மியன்மாரின் மோங் கெட் என்ற இடத்தை மையமாக வைத்து 3,300 கிலோமீட்டர் ஆரையில் அந்த வட்டத்தைக் கணக்கிட்டார். மலையகம் அதற்குள் வருகிறது.

இந்த ஒப்பீட்டால் உங்களுக்கு என்ன கிடைத்தது?

எங்கள் அப்பாயியின் தங்கச்சி இந்தியாவுக்குப் போனவர். 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரான நம் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இந்த எண்களைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன், 65,610 மாதிரியேதான் காதில் விழுந்து போயின. பிறகு ஒரு நாள் ஐஸ்லாந்தின் சனத்தொகையைப் பார்த்தேன். இன்றைக்கும் அது 4 இலட்சம் அளவுதான். கொடியும் பாராளுமன்றமும் உள்ள ஒரு முழு நாட்டின் சனத்தைவிடக் கூடுதலான ஆட்களுக்கு, அவர்களைக் கேட்காமலே, கடல் தாண்டிப் போகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சின்னப்பாயி போய்ச்சேர்ந்தது நீலகிரியில் கூடலூர்ப் பக்கம், அங்கும் தேயிலைதான். அப்பாயி அதை "ரொம்பத் தூரம்" என்றுதான் எப்போதும் சொல்வார். தேசப்படத்தில் கவராயத்தை வைத்து அளந்தேன். ஹட்டனிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர்கோட்டில் 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கூடலூர் அதைப்போல் இரண்டு மடங்கும் இன்னும் கொஞ்சமும். அப்பாயிக்கு அப்போது 80 வயது தாண்டியிருந்தது. கவராயத்தின் இரண்டு காலையும் விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? ரெண்டு தடவை யாழ்ப்பாணம் போற தூரமா?" என்று கேட்டார்.

எதிலிருந்து தொடங்குவது?

உங்கள் வீட்டிலிருந்து. முற்றத்தை அடியால் அளந்து கட்டக் கடதாசியில் வரையுங்கள். பக்கத்தில் அதே அளவுத்திட்டத்தில் கோயிலையும் பள்ளிக்கூட மைதானத்தையும் வரையுங்கள். அது கைக்கு வந்த பிறகு மாவட்டம், அப்புறம் நாடு. உருண்டை ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள், பழையதானாலும் பரவாயில்லை. கடுகு சிந்தாமல் இருக்கக் கடதாசிக்குக் கீழே ஒரு சுளகை வைத்துக்கொள்ளுங்கள்.